ஆட்டுத் தீவனத்தில் பிஎச்டி: பதிவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "விலங்கு அறிவியலில் இளங்கலை முடித்தேன், சிஜிபிஏ 3.41. 2 வருடமாகப் பிறையில் ஒரு தீவன ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஆட்டுத் தீவனத்தில் ஆய்வு செய்து பிஎச்டி வாங்க ஆசை. வேலையை விடாமல் படிக்க முடியுமா? பினாங்கிலேயே படிக்கலாமா? பிஎச்டி முடித்தால் கால்நடை மருத்துவராகப் பதிந்துகொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வருடக்கணக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். பதிந்துகொள்ள முடியாது. மலேசியாவில் நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் பார்க்கும் உரிமை 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். இங்கே அது 5 வருட டிவிஎம். பிஎச்டி என்பது ஆய்வுப் பட்டம். கால்நடை மருத்துவத் துறையிலேயே பிஎச்டி வாங்கினாலும், அடியில் டிவிஎம் இல்லையென்றால் உங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும், கையில் ஊசி வராது. உண்மையான ஆசை சிகிச்சைதான் என்றால் இந்த வழியில் வராதீர்கள். செர்டாங்கில் யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) அல்லது கோத்தா பாருவில் யுஎம்கே (மலேசியா கிளந்தான் பல்கலைக்கழகம்), இரண்டில் ஒன்றில் டிவிஎம்முக்கு விண்ணப்பியுங்கள். சென்னைக்குப் போனால் சுலபமா என்று சிலர் நினைப்பார்கள். அங்கே கால்நடை மருத்துவ முதுகலைக்கே பிவிஎஸ்சி என்ற இளங்கலைக் கால்நடை மருத்துவப் பட்டம்தான் அடிப்படைத் தகுதி, ஆகையால் அதுவும் குறுக்குவழி ஆகாது.

ஆய்வுதான் ஆசை என்றால் மேலே படியுங்கள்.

3.41 நல்ல புள்ளிதான். ஆனால் இளங்கலையிலிருந்து நேராகப் பிஎச்டிக்கு எடுப்பது பொதுவாக 3.67க்கு மேல் வாங்கிய முதல் வகுப்புக்காரர்களை, அதுவும் நிபந்தனைகளோடு. உங்களுக்குச் சரியான வாசல் ஆய்வு வழி மாஸ்டர். அதில் சேர்ந்து முதல் ஒரு வருடத்தில் நல்ல தரவு கையில் இருந்தால், மேற்பார்வையாளரின் பரிந்துரையோடு பிஎச்டிக்கு மாற்றிக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் வழி விடுகின்றன. பாடவழி மாஸ்டரில் தெரியாமல் சேர்ந்துவிடாதீர்கள். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி முடிக்கும் அந்தப் படிப்பிலிருந்து இந்த மாற்றம் கிடைக்காது. பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அதைப் பார்த்துப் பதியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பிஎச்டி இழுப்பதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: மாணவர் செமஸ்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிறார், விலங்கு தன் நாள்காட்டியில்தான் நடக்கிறது. இறைச்சிக் கோழி 35 முதல் 42 நாளில் முடிந்துவிடும். ஒரு சோதனை கெட்டால் இரண்டு மாதத்தில் திரும்பச் செய்யலாம். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். சினை ஆட்டுக்குக் கொடுத்த தீவனம் குட்டியின் பால்குடி மறக்கும் எடையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க நினைத்தால், சினைக்கு ஒருங்கிணைக்க ஒன்றிரண்டு மாதம், சினை 5 மாதம், பால்குடி 3 மாதம், ஆக ஒரே ஒரு சுற்றுக்கு 10 மாதம் போய்விடும். மாட்டில் அது இன்னும் நீளம்: சினை 280 நாள், ஒரு கறவைக்காலம் 305 நாள். 3 வருட உதவித்தொகையில் மாட்டின் இரண்டு கறவைக்காலத்தைப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கும் திட்டத்தை மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டாலும் நம்பாதீர்கள். வளரும் கிடாக்குட்டிகளை வைத்து 90 நாள் வளர்ச்சிச் சோதனை உங்களுக்குப் பொருந்தும். கெட்டால் மீண்டும் ஒரு முறை செய்ய நேரம் இருக்கும், அந்த ஒரு முறை கட்டாயம் தேவைப்படும்.

தலைப்பைப் பற்றி ஒன்று. தீவன ஆலையில் இருக்கிறீர்கள், செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு உங்கள் கண்முன்னே மலையாகக் கிடக்கும். இந்த நாட்டில் மலிவாக, ஏராளமாகக் கிடைக்கும் மூலப்பொருள் அது, ஆகவே அதன்மேல் ஏற்கனவே நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. 'எத்தனை சதவீதம் போடலாம்' என்ற கேள்வி பழசாகிவிட்டது. வெள்ளாட்டுக்குப் பதிலாகச் செம்மறி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். இந்தப் புண்ணாக்கில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருப்பது சாதாரணம். செம்மறி தாங்கும் உச்சம் 15 என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் (என்ஆர்சி) 2005இல் குறித்திருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் செம்மறி முதல் சில வாரங்களில் நன்றாகத் தின்னும், எடையும் ஏறும். செம்பு சத்தமில்லாமல் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஒரு அலைச்சலில், லாரியில் ஏற்றியபோதோ எடை போட்டபோதோ, ஈரல் அதை ஒரேயடியாக இரத்தத்தில் விடும். சிவப்பணு உடையும், கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், ஒன்றிரண்டு நாளில் சாகும். 70ஆம் நாளில் பாதி மந்தை போனால் அந்தச் சோதனையை எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. வெள்ளாடும் மாடும் இதைவிட நன்றாகத் தாங்கும்.

புதுக் கேள்வி எங்கிருந்து வரும்? பொருந்தாத ஒன்றைக் கவனிப்பதிலிருந்து வரும். 1998இல் பேராக்கில் மூளைக்காய்ச்சல் பரவியபோது அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள், கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆண்கள், பண்ணையில் பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. அந்தப் பொருத்தமின்மையைத் தொடர்ந்து போனதில்தான் 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் நிப்பா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் போயிருந்தது; பரவல் அடங்கியபோது மொத்தம் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். உங்கள் ஆலையில் அப்படி ஒரு பொருத்தமின்மை கண்ணில் பட்டிருக்கும். ஒரே கலவை ஒரு பண்ணையில் நன்றாக வேலை செய்து, இன்னொன்றில் ஏன் கழிச்சல் தருகிறது? எண்ணெய் பிழிந்த முறை மாறினால் புண்ணாக்கில் தங்கும் எண்ணெயும் மாறுகிறதே, அதுதான் காரணமா? இப்படி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரைத் தேடுங்கள்.

அடுத்தது சோதனை வடிவமைப்பு. இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், விழுந்தது வைவா என்ற வாய்மொழித் தேர்வில்தான் தெரிகிறது. 24 கிடா, 4 தீவனம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டையும் தனித் தடுப்பில் கட்டித் தனித்தனியாகத் தீவனம் அளந்து போட்டால் சோதனை அலகு ஆடு; ஒரு தீவனத்துக்கு 6 மறுபிரதி, அதாவது அதே தீவனத்தைத் தனித்தனியாகப் பெறும் 6 அலகு. அதே 24 ஆட்டை 4 பெரிய தடுப்பில் ஆறு ஆறாக விட்டு, தடுப்புக்கு ஒரு தீவனம் போட்டால் அலகு தடுப்பாகிவிடுகிறது, மறுபிரதி 1. ஆடு அதே, செலவு அதே, ஆனால் இரண்டாவதில் தீவனத்தின் விளைவையும் தடுப்பின் விளைவையும் பிரிக்கவே முடியாது. ஒரு தடுப்பில் வெயில் அடித்தது, ஒன்றில் முரட்டுக் கிடா மற்றதைத் தொட்டியிடம் விடவில்லை என்றால் எல்லாம் தீவனத்தின் தலையில்தான் விழும்.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய சரிபார்ப்பு உண்டு. வாங்கும்போது ஆடுகளை எடைப்படி வரிசைப்படுத்தி, நான்கு நான்காக 6 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டுக் குலுக்கி 4 தீவனத்துக்கும் ஒன்று கொடுங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒன்று குறைத்து எடுங்கள்: 24 ஆட்டுக்கு 23; அதில் 4 தீவனத்துக்கு 3, 6 கட்டத்துக்கு 5 கழித்தால் மீதி 15. இந்த மீதி 10க்கும் 20க்கும் நடுவில் இருந்தால் குறைந்தபட்ச நியாயம் இருக்கிறது என்று பொருள். 10க்குக் கீழே போனால் வித்தியாசம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. 20க்கு மேலே போனால் தேவைக்கு மேல் விலங்கைப் பயன்படுத்துகிறீர்கள். முந்தைய ஆய்வுகளிலிருந்து எடை ஏற்றத்தின் விலகல் கிடைத்தால் இதை விட்டுவிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எத்தனை விலங்கு தேவை என்று சொல்லும் பவர் கணக்கையே முறையாகப் போடுங்கள்; நெறிமுறைக் குழு அதைத்தான் விரும்பும்.

தீவனக் கணக்கையும் இப்போதே போடுங்கள். 25 கிலோ ஆடு எடையில் 3 சதவீதம் உலர்பொருள் தின்னும், அதாவது 750 கிராம். 24 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 18 கிலோ. பழக்கத்துக்கு 14 நாளும் சேர்த்து 104 நாளைக்கு 1872 கிலோ. பாதி நேப்பியர் புல் என்றால், அதில் உலர்பொருள் சுமார் 18 சதவீதம்தான் இருக்கும், ஆகவே தினமும் 50 கிலோ பச்சைப் புல் வெட்ட வேண்டும். தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதை யார் வெட்டுவது என்று பெயரோடு எழுதுங்கள். மீதிப் பாதி கலப்புத் தீவனம், ஈரத்தோடு ஏறத்தாழ 1 டன். 50 கிலோ மூட்டையில் 21. மூலப்பொருளை ஒரே சுமையில் வாங்குங்கள், ஏனென்றால் புண்ணாக்கின் சத்து ஆலைக்கு ஆலை, சுமைக்குச் சுமை மாறும். ஆனால் மொத்தத்தையும் கலந்து வைத்துவிடாதீர்கள்; நம் ஊர் ஈரத்தில் மூன்றரை மாதம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் காறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கலந்து, தரையில் படாமல் மரப்பலகைமேல் அடுக்கி, ஒவ்வொரு கலவையிலும் அரைக் கிலோ மாதிரி எடுத்து வையுங்கள்.

ஆடு வந்த அன்றே சோதனை தொடங்கக் கூடாது. நான்கு பண்ணையில் வாங்கிய ஆடு நான்கு விதமான குடற்புழுவைக் கொண்டுவரும். இங்கே முதல் எதிரி ஹீமோங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு, பல பண்ணைகளில் அது வழக்கமான மருந்துக்கு மசிவதில்லை. மருந்து கொடுத்தேன், முடிந்தது என்று இருந்துவிட்டால், புழு அதிகமுள்ள ஆடு மெலிந்து தீவனத்தின் விளைவை மறைத்துவிடும். மருந்துக்கு முன் சாணத்தை எடுத்து மெக்மாஸ்டர் சிலைடில் முட்டை எண்ணுங்கள், 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தது 95 சதவீதம் இறங்கவில்லை என்றால் மருந்து எதிர்ப்பு இருக்கிறது என்று சந்தேகித்து, கால்நடை மருத்துவரைக் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். சில வாரம் தனிமைப்படுத்தலில் வைக்கும்போது வாய்ப்புண், சளி, நடை தள்ளாட்டம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறது, ஆட்டுக்கும் வரும், மனிதருக்கும் வரும். சீழ்க்கட்டியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நெறிமுறை அனுமதி இல்லாமல் ஒரு ஆட்டைக்கூட வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்பு, பயன்பாட்டுக் குழு பார்க்கும் விண்ணப்பத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறும் இடங்கள் மூன்று: எண்ணிக்கைக்கு நியாயம், வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்பது, எந்தக் கட்டத்தில் அந்த விலங்கைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்பது. 'நோயுற்றால் சிகிச்சை தரப்படும்' என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும். '20 சதவீத எடை குறைந்தால் அல்லது 24 மணி நேரம் தின்னாமல் படுத்துவிட்டால் விலக்கப்படும், முடிவெடுப்பவர் பண்ணைக் கால்நடை மருத்துவர்' என்று எழுதுங்கள். முடிந்த சோதனைக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடைக்காது. அனுமதி எண் இல்லாமல் நல்ல சஞ்சிகை கட்டுரையைத் தொடவும் தொடாது. குழு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடும், ஒரு தடவை திருத்தம் கேட்கும் என்று வைத்து 3 முதல் 4 மாதம் ஒதுக்குங்கள்.

இரத்த மாதிரியில் கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து முழு அத்தியாயமே நிற்கும், விழும். கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தத்தைச் சீரத்துக்கான (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) வெறுங்குழாயில் விட்டவுடன் பலர் ஐஸில் குத்திவிடுகிறார்கள். உறையும் முன்னே குளிர்ந்தால் அணு உடையும். நிழலில் 30 முதல் 60 நிமிடம் நிற்க வைத்து உறைய விடுங்கள், பிறகு 1500 முதல் 2000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, சீரத்தை மட்டும் பிரித்து ஐஸில் வையுங்கள். ஆட்டின் சீரம் ஏறத்தாழத் தண்ணீர் போல வெளுத்திருக்கும். இளஞ்சிவப்புத் தெரிந்தால் பொட்டாசியம், ஏஎஸ்டி என்ற நொதி ஆகியவற்றின் எண்களை நம்ப முடியாது. அந்த மாதிரியைப் பதிவேட்டில் குறித்துத் தள்ளி வையுங்கள். குளுக்கோஸ் பார்க்க வேண்டுமென்றால் ஃபுளோரைடு குழாய் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் அணுக்களே மணிக்கு மணி அதைத் தின்றுகொண்டிருக்கும். கெடாவில் எடுத்துச் செர்டாங்குக்கு 4, 5 மணி நேரம் காரில் கொண்டுபோவதாக இருந்தால், சிறிய சென்ட்ரிஃபியூஜ் ஒன்றைப் பண்ணைக்கே கொண்டுபோவதுதான் ஒரே வழி. உறைபெட்டியில் வைக்கும் முன்பே சீரத்தை 500 மைக்ரோலிட்டராகப் பிரித்து இரண்டு வேறு உறைபெட்டியில் வையுங்கள். ஒரே பெட்டியில் வைத்து, நீண்ட விடுமுறையில் மின்சாரம் போனால் மூன்று வருட உழைப்பு ஒரே இரவில் கரையும்.

வேலையை விடாமல் படிக்கலாமா? முழுக்க முழுக்க ஆட்டை வைத்துச் செய்வது பகுதிநேரத்தில் நடக்காது; ஆடு வாரத்துக்கு 7 நாள் தின்னும். ஆனால் ஆய்வை இரண்டாகப் பிரித்தால் வழி இருக்கிறது. முதல் பாதி ஆய்வகத்தில் வாயு உற்பத்திச் சோதனை: அசைபோடும் இரைப்பைத் திரவத்தில் தீவனத்தைப் போட்டு 24 முதல் 72 மணி நேரம் எவ்வளவு வாயு வருகிறது என்று பார்ப்பது. வாரக்கடைசியில் செய்யலாம். இறைச்சிக்கூடத்தில் எடுக்கும் திரவத்தை முன்கூட்டியே சூடாக்கிய ஃபிளாஸ்கில் விளிம்புவரை நிரப்புங்கள். பாதி ஃபிளாஸ்க் என்றால் மேலேயிருக்கும் காற்று திரவத்திலுள்ள நுண்ணுயிரைக் கொன்றுவிடும். 39 டிகிரியில் வைத்து, நான்கு மடிப்பு மஸ்லின் துணியில் வடித்து, கரியமிலவாயு ஓட விட்டுக்கொண்டே, ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். இதில் தேர்ந்த இரண்டு மூன்று கலவையை மட்டும் ஆட்டுக்குக் கொண்டுபோனால், 4 மாதம் சம்பளமில்லா விடுப்பு போட்டு விலங்குச் சோதனையை முடித்துவிடலாம். வாயுச் சோதனையை மட்டும் வைத்துப் பிஎச்டி எழுத நினைக்காதீர்கள், பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

முழுநேரமாகப் போனால் பணம் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளர் தொகையாக வரும். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற மானியம் 2 முதல் 3 வருடம்தான் ஓடும், அதன் கடிகாரம் உங்கள் பதிவுநாளுக்காகக் காத்திராது. மானியம் தொடங்கி ஒரு வருடம் கழித்துப் பதிந்தால் உங்களுக்கு மிச்சம் அதிகபட்சம் 2 வருடப் பணம். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்: 'மானியம் எந்த மாதம் முடிகிறது? அதில் விலங்குக்கும் தீவனத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது? கொட்டிலை அந்த மாதம் வேறு யாராவது பதிந்துவைத்திருக்கிறார்களா?' இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லாதவர் எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் வேறு ஆளைப் பாருங்கள். அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவரைக் கேண்டீனில் சந்தித்து, வரைவைத் திருப்பித் தர எத்தனை நாள் எடுக்கிறார் என்றும் கேளுங்கள்.

பினாங்கில் யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவப் பீடம் கிடையாது. ஒட்டுண்ணியியல், உணவுத் தொழில்நுட்பம் பக்கம் போனால் அங்கே இடம் உண்டு. அசைபோடும் விலங்கின் தீவனத்துக்கு, விலங்கு வைத்துச் செய்யும் வசதியோடு, யுபிஎம்தான் முதல் விருப்பமாக இருக்க வேண்டும். பண்ணைப் பக்கத்தைச் செபராங் பிறையிலோ கெடாவிலோ வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குச் செர்டாங் போய்வருவதும் நடக்கக்கூடிய ஏற்பாடுதான். யுபிஎம்மில் பிஎச்டிக்கு வைவாவுக்கு முன்னாலேயே விரிவுத் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் தலைப்பை மட்டும் கேட்பதில்லை. இரைப்பை உடலியங்கியல், புள்ளியியல், தீவன வேதியியல் எல்லாம் வரும். கட்டுரை வெளியீட்டை ஆய்வேட்டின் கடைசிக்கு விடாதீர்கள். சஞ்சிகைக்கு அனுப்பி ஏற்பு வர அரை வருடம், சிலசமயம் ஒரு வருடம்கூட ஆகும்.

தீவன ஆலையிலேயே மேலே ஏறுவதுதான் இலக்கு என்றால் மாஸ்டரே போதும். தீவனம் வடிவமைக்கும் நியூட்ரிஷனிஸ்ட் வேலைக்கு அதற்கு மேல் பெரும்பாலும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்திலோ மார்டி என்ற அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்திலோ ஆய்வாளராக நிற்க வேண்டுமென்றால் பிஎச்டி வேண்டும்.

மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சலை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். கேள்வி ஒரு வரி. ஏன் அது இன்னும் விடை கிடைக்காத கேள்வி என்று நான்கு வரி. 24 ஆட்டுக் கணக்கு, தீவனக் கணக்கு. ஆலையிலிருந்து நீங்கள் கொண்டுவரக்கூடியது என்ன. உங்கள் ஆலை மூலப்பொருளையோ பகுப்பாய்வையோ தருமென்றால், அதை மேலாளரிடம் எழுத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள். ஆய்வு முடிவை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். சோதனை முடிந்தபின் ஆலை 'இதை வெளியிட வேண்டாம்' என்றால் ஆய்வேடு அங்கேயே நின்றுவிடும்.